கைதட்டலும் கைவிலங்கும்

இங்கிலாந்தில் மான்செஸ்டர் யுனைடெட் என்ற கால்பந்துக் கிளப்பில் டங்கன் எட்வர்ட்ஸ் என்று ஓர் இளைஞன் ஆடினான். பதினாறு வயதிலேயே கிளப்பின் முதல் அணியில் இடம் பெற்றவன். பதினெட்டு வயதில், 1955-ல், தேசத்தின் அணியிலும் இடம் பெற்றுவிட்டான். ஆள் மலை மாதிரி. குணம் பசு மாதிரி. மதுவைத் தொட்டதில்லை. மீன் பிடிப்பதும், சீட்டாடுவதும், சினிமா பார்ப்பதுந்தான் அவனுடைய களியாட்டங்கள். அப்பேர்ப்பட்ட உத்தமனும் ஒரு நாள் சட்டத்தின் கையில் அகப்பட்டுக் கொண்டான். குற்றம் என்ன தெரியுமா? விளக்கில்லாமல் சைக்கிள் ஓட்டியது! கோர்ட்டில் ஐந்து ஷில்லிங் அபராதம் போட்டார்கள். விஷயம் கிளப் நிர்வாகிகளின் காதுக்கு எட்டியது. கிளப்பின் பெயருக்கு இழுக்குத் தேடிவிட்டான் என்று சொல்லி, அவர்கள் பங்குக்கு இரண்டு வாரச் சம்பளத்தைப் பிடித்துக் கொண்டார்கள்.

இன்று இதைக் கேட்டால் சிரிப்பு வருகிறது. நாற்பதாயிரம், ஐம்பதாயிரம் ஜனங்கள் சனிக்கிழமை தோறும் காசு கொடுத்துப் பார்க்க வரும் ஓர் ஆட்டக்காரனுக்குச் சைக்கிள் விளக்குக்காக இவ்வளவு தண்டனையா என்று தோன்றுகிறது. ஆனால் அன்று யாருக்கும் இது விசித்திரமாகப் படவில்லை. காரணம், அன்றைய ஆட்டக்காரனும் அன்றைய ரசிகனும் ஒரே தெருவில் இருந்தார்கள். கால்பந்து ஆட்டக்காரர்களுக்கு இவ்வளவுக்கு மேல் சம்பளம் தரக்கூடாது என்று அந்த நாட்டில் ஓர் உச்சவரம்பு இருந்தது. 1950-களில் வாரத்துக்குப் பதினைந்து, பதினேழு பவுன் என்று மெள்ள மெள்ள ஏறி, கடைசியில் இருபது பவுனில் வந்து நின்றது. நல்ல கைத்தொழில் தெரிந்த தொழிலாளி சம்பாதிப்பதைவிட அது பிரமாதமாக அதிகம் என்று சொல்ல முடியாது. எட்வர்ட்ஸ் ஒரு வீட்டில் வாடகைக்கு அறை எடுத்துக்கொண்டு, வீட்டுக்கார அம்மாள் சமைத்துப் போட்டதைச் சாப்பிட்டு வந்தான். பல ஆட்டக்காரர்கள் மைதானத்துக்கு வந்ததும் போனதும் ரசிகர்களோடு ரசிகர்களாக பஸ்ஸில்தான். நடைபாதையில் நடப்பவன் இருட்டில் விளக்கில்லாத சைக்கிள் வந்தால் என்ன நினைப்பானோ, அதைத்தான் எட்வர்ட்ஸின் சைக்கிளைப் பற்றியும் நினைத்தான்.

1958 பிப்ரவரி 6-ம் தேதி மியூனிக் நகரில் நேர்ந்த விமான விபத்தில் அந்தக் கிளப்பின் ஆட்டக்காரர்கள் பலர் மாண்டார்கள். படுகாயமடைந்த எட்வர்ட்ஸ் பதினைந்து நாள் ஆஸ்பத்திரியில் போராடிவிட்டுக் கண்ணை மூடினான். இருபத்தொரு வயது. கெட்ட பெயர் வாங்கும் காலம் அவனுக்கு வரவில்லை.

மூன்று வருஷம் கழித்து, 1961 ஜனவரியில், அந்தச் சம்பள உச்சவரம்பு ஒழிந்தது. ஜிம்மி ஹில் என்பவரின் தலைமையில் ஆட்டக்காரர்களின் சங்கம் வேலைநிறுத்தம் செய்வதாகப் பயமுறுத்திச் சாதித்த வெற்றி அது. நியாயமான வெற்றிதான், ஜனங்கள் வாசலில் கொடுக்கும் பணம் ஆடுகிறவனுக்குப் போகாமல் வேறு யாருக்குப் போக வேண்டும்? வெகு சீக்கிரத்திலேயே புல்ஹாம் கிளப்பின் ஜானி ஹெய்ன்ஸுக்கு வாரம் நூறு பவுன் சம்பளம் என்ற செய்தி தேசத்தையே வாயைப் பிளக்க வைத்தது. இருபது நூறாயிற்று, நூறு ஆயிரமாயிற்று, பிற்பாடு ஆயிரம் லட்சமும் ஆயிற்று. ஆட்டக்காரன் பஸ்ஸிலிருந்து இறங்கிக் காரில் ஏறினான். ரசிகன் பஸ் நிறுத்தத்திலேயே நின்றுகொண்டு அந்தக் காரைப் பார்த்தான். பொறாமையோடு அல்ல, பெருமையோடு பார்த்தான். என் வீட்டுப் பிள்ளை எவ்வளவு உயர்ந்துவிட்டான் பார் என்ற பெருமை. இந்தப் பெருமைதான் பின்னால் பல விபரீதங்களுக்கு இடம் கொடுத்தது.

கதையை மேலே சொல்வதற்கு முன், சாலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். குடித்துவிட்டு வண்டி ஓட்டுவது குற்றம் என்று பிரிட்டிஷ் பார்லிமெண்ட் 1872-லேயே சட்டம் செய்துவிட்டது. மோட்டார் கார் பிறக்காத காலம் அது. ஆகவே குதிரை, வண்டி, மாடு, நீராவி எஞ்சின் இவற்றை ஓட்டிச் செல்லும் குடிகாரனைத்தான் அந்தச் சட்டம் குறிப்பிட்டது. மாட்டை ஓட்டுகிறவனுக்குக்கூட நிதானம் வேண்டும் என்று நினைத்த பார்லிமெண்ட், மோட்டார் வந்த பிறகு ஏனோ தயங்கியது. 1930-ம் வருஷத்துச் சாலைச் சட்டம், அபாயகரமாகக் கார் ஓட்டுவதைக் குற்றமாக வகுத்தது. அதே கையால், கார்களுக்கு அதுவரை இருந்த மணிக்கு இருபது மைல் வேக வரம்பையும் எடுத்துவிட்டது! ஊருக்குள் முப்பது மைல் என்ற வரம்பைத் திரும்பக் கொண்டுவர இன்னும் நாலைந்து வருஷமும், ஆயிரக்கணக்கான சாவுகளும் வேண்டியிருந்தன.

கார் ஓட்டி ஆளைக் கொன்றவன் மீது என்ன வழக்குப் போடுவது? கொலைக்கு அடுத்தபடியான குற்றம், அதாவது கொலைநோக்கம் இல்லாமல் ஆளைக் கொன்ற குற்றம், என்றுதான் போட வேண்டும். போலீஸார் போட்டுப் பார்த்தார்கள். ஜூரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. சாட்சியம் எவ்வளவு பலமாக இருந்தாலும், குற்றவாளிக் கூண்டில் நிற்கும் மனிதரைப் பார்க்கும்போது ஜூரர்களுக்கு மனசு வரவில்லை. அவர் திருடன் இல்லை. கத்தி எடுத்துக் குத்தியவர் இல்லை. கோட்டும் டையும் அணிந்த கௌரவமான குடும்பஸ்தர். ஜூரர்களும் அப்படிப்பட்டவர்களே. அவர்களிலும் பலர் கார் ஓட்டுகிறவர்கள்; விருந்துக்குப் போய்விட்டு வீடு திரும்புகிறவர்கள். 'நேற்று ராத்திரி நானும் இப்படித்தானே வந்தேன்? கடவுள் புண்ணியத்தில் குறுக்கே யாரும் வரவில்லை' என்று ஒவ்வொருவர் உள்ளத்திலும் ஒரு குரல் எழுந்தது. அந்தக் குரல் கூண்டில் நின்றவரை விடுதலை செய்தது.

இந்தச் சங்கடத்தைத் தீர்ப்பதற்காகவே 1956-ல் புதியதொரு குற்றத்தைச் சட்டத்தில் எழுதினார்கள். அபாயகரமாக வண்டி ஓட்டிச் சாவை விளைவித்தல் என்று அதற்குப் பெயர். அதிகபட்சத் தண்டனை ஐந்து வருஷம். பெயர் கொஞ்சம் மிருதுவாக இருந்தால் ஜூரர்கள் குற்றவாளி என்று சொல்லக் கூசமாட்டார்கள் என்பது யோசனை. ஜனங்களின் இரக்கத்துக்குத் தக்கபடி சட்டம் தன் பாஷையை மாற்றிக்கொண்ட அபூர்வமான சந்தர்ப்பம் அது. ஆனால் அந்த இரக்கம் யார்மீது ஏற்பட்டது என்பதைக் கவனியுங்கள். சக்கரத்துக்குப் பின்னால் இருந்தவர்மீது! சக்கரத்துக்கு அடியில் கிடந்தவர் ஜூரர்களின் கண்முன் இல்லை. அவர் கோர்ட்டுக்கு வர இயலாத நிலையில் இருந்தார்.

1967-ல் பார்பரா காஸில் என்ற அம்மையார் போக்குவரத்து மந்திரியாக இருந்தார். ஓட்டுகிறவரின் மூச்சை ஊதச் சொல்லிப் பரிசோதிக்கும் கருவியை அந்த வருஷம் அக்டோபரில் அவர் அமலுக்குக் கொண்டுவந்தார். நூறு மில்லி லிட்டர் ரத்தத்தில் எண்பது மில்லிகிராமுக்கு மேல் சாராயச் சத்து இருந்தால் குற்றம். தள்ளாடினாரா, உளறினாரா என்ற விசாரணையே வேண்டாம். நாடு கொதித்தது. மதுக்கடைக்காரர்கள் ஆத்திரப்பட்டார்கள். மந்திரிக்குக் கொலை மிரட்டல் கடிதங்கள்கூட வந்தன. அவர் பெண் பிள்ளை என்பது ஒரு குற்றம். அவருக்கே கார் ஓட்டத் தெரியாது என்பது இன்னொரு குற்றம். சுதந்திர நாட்டில் மனிதன் வீடு திரும்பும் வழியில் ஒரு கோப்பை அருந்தக் கூடாதா என்று கேட்டார்கள். முதல் வருஷத்துக் கணக்கை எடுத்துப் பார்த்தபோது, சாலையில் இறந்தவர்களின் எண்ணிக்கையில் ஆயிரத்துக்கு மேல் குறைந்திருந்தது. அந்த ஆயிரம் பேரும் யார் யார் என்று அவர்களுக்கே தெரியாது. ஆகையால் அவர்களில் ஒருவரும் மந்திரிக்கு நன்றிக் கடிதம் எழுதவில்லை.

இனி ஆட்டக்காரர்களிடம் திரும்புவோம்.

எட்வர்ட்ஸ் ஆடிய அதே கிளப்புக்கு, சம்பள வரம்பு ஒழிந்த அதே 1961-ல், பெல்பாஸ்ட் நகரிலிருந்து ஒரு பதினைந்து வயதுப் பையன் வந்தான். வந்த மறுநாளே வீட்டு நினைப்புத் தாங்காமல் ஊருக்கு ஓடிப்போனவன். சமாதானம் சொல்லித் திரும்ப அழைத்து வந்தார்கள். ஜார்ஜ் பெஸ்ட் என்று பெயர். அவன் காலில் பந்து அகப்பட்டால், நாலு பேர் சூழ்ந்து நின்றாலும் அவர்களுக்கு நடுவே தண்ணீர் மாதிரி ஒழுகிப் போய்விடுவான். 1968-ல் ஐரோப்பியக் கோப்பையை அவன் கிளப் வென்றது; அவ்வருஷம் ஐரோப்பாவின் சிறந்த ஆட்டக்காரன் என்ற விருதும் அவனுக்கே. சினிமா நட்சத்திரத்தைப் போன்ற முகம், நீண்ட கேசம், ஜாகுவார் கார், சொந்தமாகத் துணிக்கடை. கால்பந்து ஆட்டக்காரன் ஒருவன் பத்திரிகைகளில் விளையாட்டுப் பக்கத்தைத் தாண்டி முதல் பக்கத்தில் குடியேறியது அநேகமாக அவனிலிருந்துதான் ஆரம்பம். குடியும் கூடவே குடியேறியது. இருபத்தேழு வயதில், 1974-ல், அந்தக் கிளப்பில் அவன் ஆட்டம் முடிந்தது.

பத்து வருஷம் கழித்து, 1984 நவம்பரில், குடித்துவிட்டுக் கார் ஓட்டியதாகப் பெஸ்ட் பிடிபட்டார். கோர்ட்டுக்கு வரச் சொன்ன தேதியில் வரவில்லை. தேடி வந்த போலீஸாரோடு கைகலப்பு ஏற்பட்டது. டிசம்பரில் மூன்று மாதச் சிறைத் தண்டனை விதித்தார்கள். உலகம் முழுவதும் கொண்டாடிய கால்கள் அந்தக் கிறிஸ்துமஸைச் சிறைக்குள் கழித்தன.

பொதுஜனங்கள் இதை எப்படி எடுத்துக்கொண்டார்கள்? பாதிப் பேர் பரிதாபப்பட்டார்கள்; பாதிப் பேர் சிரித்தார்கள். பெஸ்டின் குடி ஒரு நாட்டு ஹாஸ்யமாகிவிட்டிருந்தது. அவர் சொன்னதாக வழங்கிய வேடிக்கைப் பேச்சுகளை மதுக்கடைகளில் திரும்பத் திரும்பச் சொல்லி மகிழ்ந்தார்கள். அவரைப் பார்த்தவர்கள் எல்லாம் அன்போடு ஒரு கோப்பை வாங்கிக் கொடுக்க முன்வந்தார்கள். அந்த அன்பில் கபடமே இல்லை. ஆனால் அவர் அந்த இரவு ஓட்டிவந்த சாலையில் யாராவது நடந்திருப்பார்களே என்ற எண்ணம் சிரித்தவர்களுக்கும் வரவில்லை, பரிதாபப்பட்டவர்களுக்கும் வரவில்லை. 2002-ல் வைத்தியர்கள் அவருக்கு வேறொருவரின் ஈரலைப் பொருத்திப் பிழைக்க வைத்தார்கள். 2004-ல் மறுபடியும் குடித்துவிட்டு ஓட்டி, இருபது மாதம் கார் ஓட்டும் உரிமையை இழந்தார். 2005 நவம்பரில், மரணப் படுக்கையில், தம்முடைய உருக்குலைந்த தோற்றத்தைப் படமெடுத்துப் பத்திரிகையில் போட அவரே சம்மதித்தார். தம்மைப் போல் யாரும் சாகவேண்டாம் என்பதுதான் அவர் அதன் மூலம் சொன்ன செய்தி. இறுதி ஊர்வலத்தன்று பெல்பாஸ்டில் கொட்டும் மழையில் லட்சம் பேர் வரையில் கூடினார்கள். மறு வருஷம் அந்த நகரத்து விமான நிலையத்துக்கு அவர் பெயரைச் சூட்டினார்கள். ஒரு பாங்க் அவர் உருவம் பொறித்த ஐந்து பவுன் நோட்டை வெளியிட்டது. ஒரு ஜனசமூகம் தன் பிள்ளைக்குச் செய்யக்கூடிய மரியாதை அனைத்தையும் செய்தாகிவிட்டது. அவர் உயிரோடிருந்தபோது அவர் கையிலிருந்த கோப்பையையும் கார்ச் சாவியையும் பிடுங்குவதற்கு மட்டும் அந்த லட்சம் கைகளில் ஒன்றும் நீளவில்லை.

ஆனால் இதில் பெஸ்டின் சமாசாரம் தனி. அப்போது அவர் ஆட்டத்தை விட்டு வெகு தூரம் வந்துவிட்டார். ஆடிக்கொண்டிருக்கும்போதே சிறைக்குப் போனவர்கள் உண்டா என்றால், உண்டு.

டென்மார்க் தேசத்தைச் சேர்ந்த யான் மோல்பி 1984-ல் லிவர்பூல் கிளப்புக்கு ஆட வந்தார். வந்த கொஞ்ச காலத்துக்குள், லிவர்பூல் துறைமுகத் தொழிலாளி பேசுகிற கொச்சை இங்கிலீஷை அவர் அப்படியே பேச ஆரம்பித்தது கண்டு ஊர் சொக்கிப்போயிற்று. 1988 அக்டோபரில், கண்மூடித்தனமாகக் கார் ஓட்டிய குற்றத்துக்காக அவருக்கு மூன்று மாதச் சிறை கிடைத்தது. ஏறக்குறைய ஆறு வாரம் உள்ளே இருந்தார். கிளப் அவரை நீக்கவில்லை. வெளியே வந்தவர் மேலும் பல வருஷம் ஆடினார். ஊரும் அவரைத் தன் மனிதர் என்றே வைத்துக்கொண்டது.

இரண்டு வருஷம் சென்று நடந்ததுதான் இந்த வரலாற்றிலேயே முக்கியமான வழக்கு. லண்டன் ஆர்ஸனல் கிளப்பின் காப்டன் டோனி ஆடம்ஸ். பின்வரிசையில் நின்று எதிரியின் பந்தைத் தடுப்பது அவர் வேலை. பதினேழு வயதில் முதல் ஆட்டம். இருபத்தொரு வயதில் காப்டன் பதவி. 1989-ல் அவர் தலைமையில் ஆர்ஸனல், கடைசி ஆட்டத்தின் கடைசி நிமிஷத்தில் கோல் போட்டு, லிவர்பூலின் கையிலிருந்த சாம்பியன் பட்டத்தைப் பறித்துக்கொண்டது. அதே வருஷம் ஒரு பத்திரிகை அவர் படத்துக்குக் கழுதைக் காது ஒட்டவைத்து வெளியிட்டது. அன்று முதல் எதிர்க்கட்சி ரசிகர்கள் அவர் பந்தைத் தொடும்போதெல்லாம் ஆயிரக்கணக்கான தொண்டைகளால் கழுதை மாதிரி கத்தினார்கள். ஆர்ஸனல் ரசிகர்களோ, அவர்கள் கத்தக் கத்த, இவரை இன்னும் இறுக அணைத்துக்கொண்டார்கள்.

1990 மே மாதத்தில் ஒரு நாள், எஸ்ஸெக்ஸ் பிரதேசத்தில், அவர் ஓட்டி வந்த கார் நிதானம் தவறி ஒரு வீட்டுச் சுவரில் மோதியது. சட்டம் அனுமதிக்கும் அளவைப்போல் ஏறக்குறைய நான்கு மடங்கு போதையில் இருந்தார். நல்ல காலம், வேறு யார்மீதும் கார் ஏறவில்லை. டிசம்பர் 19-ம் தேதி, கிறிஸ்துமஸுக்கு ஆறே நாள் இருக்கையில், நான்கு மாதச் சிறைத் தண்டனை கிடைத்தது. பாதியைக் கழித்துவிட்டு 1991 பிப்ரவரி மத்தியில் வெளியே வந்தார். அவர் உள்ளே இருந்த நாட்களில் ஆர்ஸனல் அந்த வருஷத்து லீகில் ஒரே ஓர் ஆட்டத்தில் தோற்றது. முப்பத்தெட்டு ஆட்டங்களில் அந்த ஒன்றுதான் தோல்வி. பட்டமும் ஆர்ஸனலுக்கே கிடைத்தது.

இப்படியொரு வழக்கு வரும்போதெல்லாம் இரண்டு கட்சிகள் தோன்றிவிடும். பிரபலஸ்தர் என்பதற்காகவே கடுமையாகத் தண்டித்துவிட்டார்கள், சாதாரண மனிதனாக இருந்தால் அபராதத்தோடு விட்டிருப்பார்கள் என்று ஒரு கட்சி. பிரபலஸ்தர் என்பதற்காகவே இவ்வளவு லேசாக விட்டார்கள், சாதாரண மனிதனாக இருந்தால் வேலையே போயிருக்கும் என்று இன்னொரு கட்சி. இரண்டிலும் கொஞ்சம் நியாயம் உண்டு. ஆனால் யார் எந்தக் கட்சியில் சேர்ந்தார்கள் என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கும். ஆர்ஸனல் ரசிகர் முதல் கட்சி. மற்றக் கிளப்புகளின் ரசிகர் இரண்டாவது கட்சி. சாலையில் போகிறவர்களின் பாதுகாப்பைப் பற்றிய அபிப்பிராயத்தைச் சட்டையின் நிறம் தீர்மானித்தது. ஆடம்ஸைக் 'குடிகாரா' என்று ஏசிய ரசிகர், அன்றைக்கு ஆட்டம் முடிந்து எத்தனை கோப்பைக்குப் பிறகு தம் காரைக் கிளப்பினாரோ, யார் கண்டது?

விடுதலையான காப்டன் முதலில் கிளப்பின் இரண்டாம் அணிக்காக ஆடினார். சாதாரணமாகக் காலி ஆசனங்களே பார்க்கும் அந்த ஆட்டத்துக்கு அன்று ஆயிரக்கணக்கில் ஜனங்கள் வந்து குவிந்தார்கள். யுத்தத்தில் சிறைப்பட்டு மீண்ட தளபதியைப் போல் அவரை வரவேற்றார்கள். ஆராவாரத்தில் மைதானம் அதிர்ந்தது. தண்டனை அனுபவித்தவனை மறுபடியும் சேர்த்துக்கொள்வது நாகரிக சமூகத்தின் லட்சணம், அதில் சந்தேகமில்லை. ஆனால் தண்டனை அனுபவித்தவனைச் சேர்த்துக்கொள்வது ஒன்று. தண்டித்ததே அநியாயம் என்பதுபோல் அவனைத் தோளில் தூக்கிக்கொள்வது வேறொன்று. முன்னது மன்னிப்பு. பின்னதில், மன்னிக்க வேண்டிய குற்றமே நடக்கவில்லை என்று ஆகிவிடுகிறது.

அந்த வரவேற்பு ஆடம்ஸுக்கு என்ன செய்தது? சரித்திரம் பதில் சொல்கிறது. சிறை அவரைத் திருத்தவில்லை, கைதட்டலும் திருத்தவில்லை. இன்னும் ஐந்து வருஷத்துக்கு மேல் அவர் குடித்துக்கொண்டே இருந்தார். குடித்துக்கொண்டே பட்டங்கள் வென்றார். குடித்துக்கொண்டே 1996-ல் ஐரோப்பியப் போட்டியில் இங்கிலாந்தின் காப்டனாகவும் நின்றார். ஆட்டம் கெடாதவரையில் கேட்பதற்கு யாரும் இல்லை. அந்த வருஷம் செப்டம்பரில்தான், தம் அணியினரைக் கூட்டிவைத்துக்கொண்டு, தாம் குடிநோயாளி என்பதை அவரே வாய்விட்டுச் சொன்னார். காலரியில் கேட்டிராத மௌனம் அன்று அந்த அறையில் இருந்திருக்க வேண்டும். 1998-ல் தம் கதையை ஒளிவு மறைவில்லாமல் புத்தகமாக எழுதினார். 2000-த்தில் குடியிலும் சூதிலும் விழுந்த விளையாட்டுக்காரர்களுக்காக ஒரு சிகிச்சை நிலையத்தை ஏற்படுத்தினார். குடியை விட்ட பிறகும் ஆறு வருஷம் ஆடினார். அந்த ஆறு வருஷத்தில்தான் அவருடைய மிக நல்ல ஆட்டங்களைக் கண்டதாகப் பல ரசிகர்கள் சொல்வார்கள். 2011-ல் ஆர்ஸனல் மைதானத்துக்கு வெளியே அவருக்கு வெண்கலச் சிலை வைத்தார்கள். கோல் போட்டுவிட்டுக் கைகளை அகல விரித்து நிற்கும் தோற்றம். அந்தச் சிலைக்கு அவர் தகுதியானவர் என்றே நான் நினைக்கிறேன். காரில் மோதிய சுவரை மறந்துவிட்டு அல்ல, அதையும் சேர்த்துக்கொண்டுதான்.

ஆனால் ஆடம்ஸ் மோதியது சுவர். மனிதராக இருந்திருந்தால்?

2003 நவம்பரில் வெஸ்ட் பிராம்விச் கிளப்பைச் சேர்ந்த லீ ஹ்யூஸ் ஓட்டிய கார் இன்னொரு காரோடு மோதியது. அதில் இருந்த ஒரு மனிதர் மாண்டார். ஹ்யூஸ் அந்த இடத்தில் நிற்கவில்லை. ஒன்றரை நாள் கழித்தே போலீஸ் ஸ்டேஷனுக்கு வந்தார். 1956-ல் எழுதின அதே குற்றத்தின் வாரிசுதான் அவர்மீது சாட்டப்பட்டது. 2004 ஆகஸ்டில் ஆறு வருஷத் தண்டனை. கிளப் அவரை உடனே நீக்கியது. பாதித் தண்டனை முடிந்து 2007-ல் வெளியே வந்ததும், ஓல்டாம் என்ற ஊரின் கிளப் அவரைச் சேர்த்துக்கொண்டது. அப்போது சண்டை வலுத்தது. தண்டனையை அனுபவித்தவன் பிழைக்க வேண்டாமா என்றார்கள் சிலர். மாடியில் சுண்ணாம்பு அடித்துப் பிழைக்கட்டும், ஆயிரம் பேர் பெயர் சொல்லி ஆர்ப்பரிக்கும் இடத்தில் எதற்கு என்றார்கள் சிலர்.

இந்தக் கேள்விக்குச் சுலபமான பதில் கிடையாது. கொத்தன் ஒருவன் சிறையிலிருந்து வந்தால் மறுபடியும் கரண்டியைப் பிடிக்கிறான்; அவன் கட்டும் சுவரை யாரும் கைதட்டி வரவேற்பதில்லை. ஆட்டக்காரனின் தொழிலோ கைதட்டலையே கூலியாகக் கொண்டது. அவனுக்குத் தொழிலைத் திருப்பிக் கொடுக்கிறவர்கள் கூடவே புகழையும் திருப்பிக் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. ஒவ்வொரு சனிக்கிழமையும் அவன் போடும் கோல் ரேடியோவில் ஒலிக்கிறது, டெலிவிஷனில் தெரிகிறது. இறந்தவரின் வீட்டிலும் ரேடியோ உண்டு, டெலிவிஷனும் உண்டு. அந்த வீட்டாருக்கு ஆதரவாக எழுந்து நிற்க ஒரு காலரி கிடையாது. அவர்களுக்காகப் பாட ஒரு பாட்டும் கிடையாது. காலரியின் குறை கொடூரம் அல்ல. அதற்குத் தெரிந்த முகம் ஒன்றுதான். அந்த ஒரு முகத்துக்காக உருகுகிறது. 1956-க்கு முந்தைய ஜூரர்கள் கூண்டில் நின்றவரிடம் தங்களைக் கண்டார்கள். காலரியில் இருப்பவர் ஆட்டக்காரனிடம் தாம் ஆக விரும்பியதைக் காண்கிறார். இருவர் கண்ணிலும் படாதவர் சாலையில் நடந்தவர்.

இருந்தாலும் ஜனங்களின் மனம் மாறாது என்று நினைக்க வேண்டியதில்லை. மந்திரி காஸிலுக்கு மிரட்டல் கடிதம் எழுதிய அதே நாட்டில், கிறிஸ்துமஸ் தோறும் சர்க்கார் எடுத்துக் காட்டிய குறும்படங்களும், பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரின் இடைவிடாத பிரசாரமும் ஒரு தலைமுறைக்குள் அபிப்பிராயத்தைத் திருப்பிவிட்டன. 1960-களில் நண்பர்களிடையே வீரமாகச் சொல்லிக்கொண்ட விஷயத்தை இன்று அங்கே வெட்கத்தோடுதான் ஒப்புக்கொள்கிறார்கள். 1966-ல் பிரிட்டிஷ் சாலைகளில் கிட்டத்தட்ட எட்டாயிரம் பேர் மாண்டார்கள். கார்கள் பல மடங்கு பெருகியும், அண்மை வருஷங்களில் அந்த எண்ணிக்கை இரண்டாயிரத்துக்குள் அடங்கியிருக்கிறது. நல்ல சாலை, இடுப்பு வார், திறமையான வைத்தியம் எல்லாவற்றுக்கும் அதில் பங்குண்டு. மூச்சுக் கருவிக்கும் வெட்கத்துக்கும் பங்குண்டு. சட்டமும் ஏறிக்கொண்டே வந்தது. 1956-ல் ஐந்து வருஷமாக இருந்த உச்ச தண்டனை பத்தாகி, பதினாலாகி, 2022-ல் ஆயுள் தண்டனையாகவே ஆகிவிட்டது.

மாறாதது ஒன்று உண்டு. அந்த நாட்டில் கிளப் ஒன்று தன் ஆட்டக்காரனுக்குப் போடும் அபராதத்துக்கு வழக்கமான உச்சவரம்பு இன்றும் இரண்டு வாரச் சம்பளமே. எட்வர்ட்ஸிடமிருந்து பிடித்த அதே இரண்டு வாரம்! கணக்கில் சமம்தான். ஆனால் வாரம் பதினைந்து பவுன் வாங்கியவனுக்கு அந்த இரண்டு வாரம் வீட்டு வாடகை; வாரம் லட்சம் பவுன் வாங்குகிறவனுக்கு அது பத்திரிகையில் வரும் ஒரு செய்தி. ஆகவே பணத்தால் அவனைத் தொட முடியாது. சட்டம் தொடலாம், அதைவிட அதிகமாகத் தொடக்கூடியவர்கள் அவனை நேசிக்கிறவர்கள்தான். அவன் பிடிபட்ட மறு சனிக்கிழமை, அவன் மைதானத்துக்குள் ஓடி வரும்போது, சொந்தக் கட்சி ரசிகர்கள் ஏசவும் வேண்டாம், கல்லெறியவும் வேண்டாம். ஐந்து நிமிஷம் கைதட்டாமல் உட்கார்ந்திருந்தால் போதும். அந்த ஐந்து நிமிஷம் எந்த மைதானத்திலாவது ரசிகர்கள் மனமொத்துக் கொடுத்துப் பார்த்தார்களானால், பெஸ்டைப் போன்ற ஒரு பிள்ளையை அடக்கம் செய்ய லட்சம் பேர் மழையில் நிற்க வேண்டிய அவசியம் ஏற்படாமல் போகலாம். பெயர் தெரியாத எத்தனையோ பேர் ராத்திரி பத்திரமாக வீடு போய்ச் சேரவும் கூடும்.